காது கேட்காத அடாப்டரும் நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டும்

நெட்வொர்க் போடுகிற நம்ம தொழிலுக்கு, நம்ம கடைக்குப் புதுசாக வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. டிவி ரிப்பேர், கேபிள் வயர், பொறவு கம்ப்யூட்டர் என்று கை போன போக்கில் போனவன் நான். லினக்ஸ் கற்றுக்கொண்டதற்குக்கூடப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. எனக்குக் கிடைத்த பழைய கம்ப்யூட்டரில் வேறெதுவும் ஓட மாட்டேன் என்றுவிட்டது, அவ்வளவுதான். புத்தக அறிவு குறைவு என்பதால் ஜனங்கள் பேசுவதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

"வைஃபை இருக்கு அண்ணாச்சி, நெட்டு மட்டுந்தான் இல்ல." இது செட்டியார்பட்டி ஜவுளிக்கடைக்காரர்.

"சிக்னலு வாசல் வரைக்கும் வருது. செருப்பக் கழட்ட யோசிச்சுட்டு அப்பிடியே திரும்பிப் போயிருது." இது தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற அக்கா.

"எங்க வீட்டு மாப்ள மாதிரி இது. இருக்கேன்னு காட்டிக்கிடும், ஒரு வேலையும் செய்யாது." கூமாப்பட்டி விவசாயி ஒருவர், ரூட்டரில் எரிந்த பச்சை விளக்கைக் காட்டிச் சொன்னது. மாப்பிள்ளை அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த நோட்டில் ஒரே ஒரு பக்கத்தில் எழுத்து கிடையாது, படம் இருக்கும். காதுக்குப் பின்னால் குவித்து வைத்த ஒரு கை. எனக்கு வரைய வராது. பார்க்கிறவர்கள் இட்லி என்றுதான் நினைப்பார்கள். நான் தொழிலில் செய்த பெரிய தப்பு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நம்ம கடை ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையம் போகிற ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில். பேர் வேண்டாம். நூல் நூற்கிற ஷெட்டுக்கு வைஃபை போட்டுக் கொடுத்தவன் நான். ஷெட்டில் வேலை பார்க்கிற பெண்கள் எந்த மெஷினில் எத்தனை நூல் அறுந்தது, எப்போது நின்றது என்பதையெல்லாம் டேப்லெட்டில் தட்ட வேண்டும் என்று புது ஏற்பாடு வந்திருந்தது. ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒரு மாசமாக, தினமும் காலை பத்தரை மணிக்கு எல்லா டேப்லெட்டும் சொல்லி வைத்த மாதிரி வைஃபையிலிருந்து அறுந்து விழுந்தன. பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி தானாகவே ஒட்டிக்கொண்டன.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனுஷன். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் ரூம் ஷெட்டுக்கு மேலேயே, மாடியில், கீழே எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி கண்ணாடி போட்டது. காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "யாரு செஞ்சதுன்னு எங்களுக்கே தெரியும். நீங்க டெக்னிக்கலா உறுதிப்படுத்தினாப் போதும்" என்றார்.

இந்த வாக்கியத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கோளாறைச் சொல்லிக் கூப்பிட்டால் பையை எடுத்துக்கொண்டு போங்கள். பதிலையே சொல்லிக் கூப்பிட்டால், பையை எடுப்பதற்கு முன்னால் செத்த நேரம் உட்கார்ந்து யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

அவர் மனசில் இருந்த ஆள் செல்வராணி. ஒன்பது வருஷமாக அங்கே வேலை. கூர்மையான வாய். டேப்லெட் வந்த அன்று எல்லார் முன்னாலும், "அறுந்த நூல ஒட்ட ரெண்டு கையும் வேணும் சார். இதத் தட்ட மூணாவது கை எப்ப குடுப்பீக?" என்று கேட்டவள். ஷெட்டே சிரித்தது, மேனேஜரும் சிரித்தார். ஆனால் ஷெட்டு சிரித்ததை அவர் மறக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில். எங்கேயோ மலைமேல் போஸ்டிங். அவருக்கு போன் பேச வாய்க்கிற நேரமும் இவளுடைய டீ நேரமும் பத்தரைக்கு ஒத்துப்போகும். மில் கேன்டீன் வரைக்கும் போனுக்கு அனுமதி உண்டு. கேன்டீனில் ஜன்னல் திட்டில் மட்டும்தான் டவர் கிடைக்கும். அதனால் ஒரு போனை ஜன்னலில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு, உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு பழைய போனில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். தினமும் பத்தரை. டேப்லெட் அறுந்து விழுவதும் பத்தரை. மேனேஜருக்கு இரண்டும் இரண்டும் நாலு.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு விசாரணை. மில் நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுத்தாள் என்று முடிவானால் அன்றைக்கே வேலை போய்விடும். ஒன்பது வருஷம் போவது ஒரு பக்கம்; அந்தப் பேரோடு வெளியே வந்தால் அந்த ரோட்டில் இருக்கிற எந்த மில்லும் உள்ளே விடாது. அதற்குச் சாட்சி என்று கையில் இருக்கப்போவது ஒரே காகிதம். என் ரிப்போர்ட்.

இங்கே கொஞ்சம் நம்ம பாடம். லேப்டாப்பில் செருகுகிற வைஃபை அடாப்டர் என்பது பல வேஷம் கட்டக்கூடிய ஆள். மேனேஜ்டு மோடில் அது விருந்தாளி. ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் காது கொடுக்கும். ஏபி மோடில் அதுவே வீட்டுக்காரர், மற்றவர்களை உள்ளே சேர்த்துக்கொள்ளும். மானிட்டர் மோடில் அது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆள். யாரோடும் சேராது, ஆனால் சுற்றி யார் யாரிடம் என்ன பேசினாலும் கேட்கும். யாராவது ஒருத்தன் "நீ வெளிய போ" என்று டேப்லெட்டுகளை விரட்டுகிறானா என்று தெரிய வேண்டுமானால் இந்த டீக்கடை ஆள்தான் வேண்டும். எல்லா அடாப்டருக்கும் எல்லா வேஷமும் வராது. உள்ளே இருக்கிற சிப்பும் அதை ஓட்டுகிற டிரைவரும்தான் அதை முடிவு செய்யும். டப்பா சொல்லாது. iw list என்று தட்டினால் அடாப்டரே தன் வாயால் பட்டியல் சொல்லும்.

என்னிடம் இரண்டு அடாப்டர் இருந்தன. மதுரையில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே பேர், ஒரே டப்பா, ஒரே படம். பழையது மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். எத்தனையோ இடத்தில் டீக்கடை ஆளாக உட்கார்ந்து உழைத்தது அதுதான். மில்லுக்குப் போகும்போது அதைக் கடையில் விட்டுவிட்டுப் புதுசை எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கண்ணாடி ரூமில் ரப்பர் பேண்டை எப்படி எடுத்து வைப்பது?

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்திருந்தேன். மானிட்டர் மோடுக்கு மாற்றி, காது கொடுத்து, விரட்டல் எத்தனை என்று எண்ணிச் சொல்கிற ஒரு ஸ்கிரிப்டு, அதாவது நானே எழுதிய குட்டி புரோகிராம். ஓடும்போது நடுவில் குப்பை மாதிரி ஏதாவது வார்த்தைகள் வந்தால் பார்க்கிறவர்களுக்கு நம்ம மேல் மதிப்புக் குறையும் என்று, தப்பு வந்தாலும் வாயைத் திறக்காதே என்று ஒவ்வொரு வரி கடைசியிலும் பூட்டுப் போட்டிருந்தேன். திரையில் எல்லாம் சுத்தமாக வரும்.

மூன்று நாள் பத்தரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் ரூமிலேயே இடம் கொடுத்தார்கள். டேப்லெட்டுகள் விழுந்தன. திரையில் "விரட்டல்கள்: பூஜ்யம்". மூன்று நாளும் பூஜ்யம். அக்கம்பக்கத்தில் என்னென்ன வைஃபை பேர் தெரிகிறது என்று தேடினால் நான் போட்ட ஷெட்டு வைஃபை, ஆபீஸ் வைஃபை, பத்தரைக்கு மட்டும் முளைக்கிற ஒரு போன் ஹாட்ஸ்பாட். ரிப்போர்ட்டில் எழுதினேன்: "வெளியிலிருந்து யாரும் டேப்லெட்டுகளைத் துண்டிக்கவில்லை என்பது உறுதி. அந்த நேரத்தில் இயங்கும் ஹாட்ஸ்பாட் காரணமாக இருக்கலாம்."

ஒரு போன் ஹாட்ஸ்பாட் வேகத்தைக் குறைக்கும், இத்தனை டேப்லெட்டை ஒரேயடியாக அறுத்துப் போடாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் "இருக்கலாம்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லில் என் மனசாட்சியை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். மேனேஜர் அந்தச் சொல்லைத் தாண்டிப் படித்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணி. மேனேஜர், எழுதிக்கொள்வதற்கு பர்சனல் ஆபீசர், நான், எதிரில் செல்வராணி. தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ரிப்போர்ட்டை மேனேஜர் நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். பொறவு வலது கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன தாயி, கேக்கலையா? திரும்பப் படிக்கணுமா?"

"எனக்கு நல்லாக் கேக்குது அண்ணாச்சி. ஒங்க பெட்டிக்குக் கேக்குமான்னு கேட்டேன்."

பர்சனல் ஆபீசர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீக சார். ஷெட்டுக்குள்ள மெஷின் சத்தத்துல பாதிப் பேருக்கு ஒரு காது போயிருச்சு. எங்க வழக்கம் என்ன தெரியுமா? ஆளோட தோளத் தொட்டு இப்பிடிக் கையக் காட்டுவோம். அவிய எந்தக் காது கேக்கும்னு தொட்டுக் காட்டுவாக. பொறவுதான் விஷயத்தச் சொல்லுவோம். எங்க மேரியக்காவுக்கு ரெண்டு காதும் போச்சு. அவியகிட்டப் போயி, 'யாராவது சத்தம் போட்டாகளா'ன்னு கேட்டா, 'இல்லவே இல்ல'ன்னுதான் சொல்லுவாக. பொய் இல்ல, அவியளுக்குக் கேக்கல." என்னிடம் திரும்பினாள். "மூணு நாளும் சத்தமே இல்லன்னு எழுதியிருக்கீகளே, ஒங்க பெட்டியத் தோளத் தொட்டுக் கேட்டீகளா?"

எனக்குக்கூடச் சிரிப்புத்தான் வந்தது. பெரிய மனுஷத்தனமான சிரிப்பு. பாவம், தெரியாமல் பேசுகிறது, காட்டிவிட்டால் போச்சு என்று லேப்டாப்பைத் திறந்தேன். புது அடாப்டரைச் செருகி iw list தட்டினேன். பட்டியல் ஓடியது. ஆதரிக்கும் மோடுகள் என்கிற இடத்தில் நிறுத்தினேன்.

மேனேஜ்டு. ஏபி.

அவ்வளவுதான். மூன்றாவது வரி இல்லை.

மேலே போய்ப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன். மானிட்டர் கிடையாது. டப்பா ஒன்றுதான், பேர் ஒன்றுதான், உள்ளே சிப்பை மட்டும் கம்பெனிக்காரன் மாற்றிவிட்டிருக்கிறான். ஸ்கிரிப்டு மானிட்டருக்கு மாறச் சொன்னபோதெல்லாம் "எனக்கு வராது" என்று அது ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறது. நான்தான் பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். மூன்று நாளும் அது விருந்தாளியாக உட்கார்ந்து, தன் பேரை யாராவது கூப்பிடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பூஜ்யம் என்பது, விரட்டல் எதுவும் அதன் காதில் விழவில்லை என்பதற்கான கணக்கு. நான் அதை விரட்டல் எதுவும் இல்லை என்பதற்கான சாட்சியாக எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அந்த ரூமில் நாலு பேர். அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்தன். "பாரு தாயி, எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லி மூடியிருந்தால் ஒருத்தருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவளுக்கு வேலை போயிருக்கும். எனக்கு இன்னொரு காபி வந்திருக்கும். என் கை மூடியின் மேலேயே இருந்தது.

நான் உடனே எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் சொன்னது இது: "சார், பேட்டரி இறங்கிருச்சு. கடைக்குப் போயி ஒரு சாமான் எடுத்துட்டு வாரேன். பத்தரைக்கு எல்லாரும் இருக்கும்போதே ஒரு தடவ பாத்துருவோம்."

"அதான் ரிப்போர்ட்டே குடுத்துட்டீங்களே?"

"ஒரு ஃபார்மாலிட்டி சார்."

லேப்டாப்பில் பேட்டரி தொண்ணூறு என்று காட்டிக்கொண்டிருந்தது. செல்வராணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் படிக்க லினக்ஸ் தெரிய வேண்டியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விரட்டினேன். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனதில் தூரம் தெரியவில்லை. ரப்பர் பேண்டு போட்ட கிழவனை எடுத்தேன். கடையில் வைத்தே iw list தட்டினேன். மேனேஜ்டு, ஏபி, மானிட்டர். ஸ்கிரிப்டில் இருந்த பூட்டுகளை எல்லாம் அழித்தேன். திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது பத்தே கால்.

செல்வராணியின் இரண்டு போனையும் அணைத்து மேனேஜர் மேஜைமேல் வைக்கச் சொன்னேன். அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டிருப்பார். அதை அவள் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததில் தெரிந்தது.

பத்தரை. கண்ணாடிக்குக் கீழே ஷெட்டில் ஒருத்தி டேப்லெட்டைத் தூக்கி ஆட்டினாள். அடுத்து இன்னொருத்தி. ஹாட்ஸ்பாட் இல்லை, போன் இல்லை, எல்லா டேப்லெட்டும் விழுந்தன. என் திரையில் விரட்டல்கள் மழை மாதிரி கொட்டின. ஒவ்வொன்றிலும் அனுப்புநர் பேர் ஷெட்டு வைஃபையின் பேர்தான். அதாவது வேறு எவனோ ஒருத்தன் ஷெட்டு வைஃபை என்கிற வீட்டுக்காரர் பேரில் கள்ளக் கடுதாசி போட்டு விருந்தாளிகளை விரட்டிக்கொண்டிருக்கிறான். பேரை வைத்துப் பிடிக்க முடியாது. சத்தத்தின் பலத்தை, அதாவது சிக்னல் அளவை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். படியிறங்கி ஷெட்டுக்குள் போனால் பலம் குறைந்தது. கேன்டீன் பக்கம் போனால் இன்னும் குறைந்தது. திரும்பிப் படியேறினால் கூடியது. பின்னாலேயே மேனேஜர், அவர் பின்னால் பர்சனல் ஆபீசர், கடைசியில் செல்வராணி. கண்ணாடி ரூமுக்குள் நுழைந்ததும் எண் உச்சத்துக்குப் போனது. மேனேஜர் நாற்காலிக்கு நேராகப் போய் நின்றேன். மேலே பார்த்தேன். சீலிங்கில் வட்டமாக, வெள்ளையாக, சின்னப் பச்சை விளக்கோடு ஒரு தட்டு.

"அது பாதுகாப்புக்குல்ல மாட்டியிருக்கு!" என்றார் மேனேஜர்.

நிஜம்தான். போன மாசம் வெளியூர் ஆள் ஒருவர் ஆபீஸ் வைஃபைக்காக மாட்டிவிட்டுப் போன புது ஆக்சஸ் பாயின்ட். தனக்குத் தெரியாத வைஃபை எதையாவது காம்பவுண்டுக்குள் கண்டால் திருட்டு வைஃபை என்று முடிவு கட்டி, அதில் சேர்ந்திருப்பவர்களை விரட்டுகிற ஒரு வசதி அதில் இருந்தது. ஷெட்டு வைஃபை நான் போட்டது, வேறு கம்பெனி. தட்டுக்கு அது திருடன். செல்வராணியின் ஹாட்ஸ்பாட்டும் திருட்டுதான், ஆனால் கேன்டீன் தூரமாக இருந்ததால் விரட்டல் அங்கே சரியாக எட்டவில்லை. தட்டு எப்போது ரோந்து போகலாம் என்று யோசித்த அந்த வெளியூர் மனுஷர், டீ நேரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று நல்லெண்ணத்தோடு பத்தரைக்கு, பத்து நிமிஷம் வைத்திருக்கிறார். டீக்குப் போகிறவர்கள் போவார்கள். மெஷின் டீக்குப் போகாதே! மூன்று நாள் அதற்குக் கீழேயே உட்கார்ந்து காபி குடித்த நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. காது கேட்காத அடாப்டரைக் குற்றம் சொல்லலாம். கண்ணுக்கு என்ன சொல்வது?

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இது ஏன் உங்க ரிப்போர்ட்ல வரல?"

சொல்ல நல்ல நல்ல பதில்கள் இருந்தன. கம்பெனிக்காரன் சிப்பை மாற்றிவிட்டான். டிரைவர் சரியில்லை. எல்லாம் உண்மையும்கூட. செல்வராணி வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அது கேக்கவே இல்ல சார். கேக்குமான்னு பாக்காம, கேட்டதா நான் எழுதிட்டேன். பேட்டரியும் இறங்கல."

விசாரணை "போதிய ஆதாரம் இல்லாததால்" கைவிடப்பட்டது. அவள் செய்யவில்லை என்று யாரும் எழுதவில்லை. செய்ததாக நிரூபிக்க முடியவில்லை என்று எழுதினார்கள். தட்டில் அந்த வசதியை அணைத்தோம். என் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலில் ஏறியதை எடுக்க முடியாதாம். தப்பு என்று இன்னொரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். அதையும் அதன் பின்னாலேயே கோர்த்தார்கள். செல்வராணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, போயிட்டு வாங்க. எனக்கு அறுந்த நூலு நெறையக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு மெஷினைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த ஷெட்டுக்குள் போயிருக்கிறேன். கதவைத் தள்ளியதுமே முதல் மெஷினில் இருப்பவள் கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைப்பாள். அடுத்தவள் வைப்பாள். அப்படியே கடைசி வரிசை வரைக்கும் போகும். ரெண்டு காதும் போன மேரியக்காதான் எல்லாரையும்விட உற்சாகமாக வைப்பார்.

இனிமேல் அந்த மில்லுக்கு நீங்கள்தான் போகப்போகிறீர்கள். டேப்லெட்டுகளுக்கெல்லாம் இப்போது பொறுப்பு செல்வராணி. அவள் கையைக் காதுக்குக் கொண்டுபோனால் கிண்டல் என்று கோபப்படாதீர்கள், மேனேஜரைப் பார்க்க மாடிக்கும் ஓடாதீர்கள். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து iw list தட்டிக் காட்டுங்கள். பஞ்சு ஒட்டின விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குவாள். மூன்றாவது வரி இருந்தால்தான் உள்ளே விடுவாள்.